இணையத்தில் சிக்கல்வழிக் கற்றல்: உயர்நிலை மாணவர்களுக்கு நடத்துவோருக்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டு, மூன்று மாணவர்களுக்கு இணையவழியில் சிக்கல்வழிக் கற்றலை நடத்த நினைக்கும் தமிழாசிரியர்களுக்கும் துணைப்பாடத் தொண்டூழியர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்த முறையில் சிக்கல் முதலில் வரும். அதைத் தீர்க்கத் தேவையான பாடத்தை மாணவர் பின்னால் தேடிப் போவார். பாடம் நடத்தி முடித்துவிட்டுக் கொடுக்கும் திட்டப்பணிக்கு இது பொருந்தாது.

புதிதாக நடத்துவோர் கருவிகளைக் கண்டு பயப்படுகிறார்கள். உண்மையில் சறுக்குவது வரிசையில். ஒரு படியை முன்னே தள்ளிவிட்டால் மாணவர்கள் சுறுசுறுப்பாகவே தெரிவார்கள், ஆனால் யோசிப்பது நின்றுபோகும். அதனால் ஒவ்வொரு படிக்கும் அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொல்கிறேன். மூன்று வாரம், நான்கு நேரலைச் சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்பது கணக்கு. எடுத்துக்காட்டு கடைசி வரை ஒன்றுதான்: டெங்கி.

1. தேதியையும் சாதனத்தையும் முதலில் சரிபாருங்கள்

சிக்கல் கண்ணெதிரே நடக்கும் காலத்தில் தொடங்குங்கள். சிங்கப்பூரில் டெங்கி வழக்கமாக மே முதல் அக்டோபர் வரை கூடுதலாகப் பரவும். அப்போது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் டெங்கி வரைபடம் அடிக்கடி மாறும். மாணவர்கள் பார்ப்பது பழைய தகவலாக இருக்காது. ஏப்ரலைத் தவிர்த்துவிடுங்கள். தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளுக்கு நடுவில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டுவிட்டதால் மே மாதத்தில் இடம் கிடைக்கிறது. நான்காம் தவணை ஆண்டிறுதித் தேர்வுக்கே போதாது.

சாதனம் இல்லை என்ற பேச்சு 2021-க்குப் பிறகு பெரும்பாலும் இல்லை. உயர்நிலை மாணவர்களிடம் தனிப்பட்ட கற்றல் சாதனம் இருக்கிறது. ஆனால் அதில் நிர்வாக மென்பொருளும் இருக்கிறது. உங்கள் மடிக்கணினியில் திறக்கும் தளம் மாணவரின் சாதனத்தில் திறக்காமல் போகலாம். ஆகவே பயன்படுத்தப்போகும் எல்லா இணைப்புகளையும் ஒரு மாணவரின் சாதனத்தில், மாணவரின் கணக்கில் திறந்து பாருங்கள். முதல் சந்திப்பின் முதல் பத்து நிமிடம் ‘எனக்குத் திறக்கவில்லை’ என்ற புகாரில் கரைவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சோதனையைச் செய்யாததே.

கருவிகள் மூன்று போதும்: பேசுவதற்கு ஸூம், எழுதுவதற்குக் கூகல் விரிதாள், அறிவிப்புக்கும் ஒப்படைப்புக்கும் மாணவர் கற்றல் தளம். நான்காவது செயலியைச் சேர்க்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

2. சிக்கலை எழுதுங்கள்

மூன்று வாரத்தின் தலையெழுத்து இந்த ஒரு பத்தியில் இருக்கிறது. மற்ற எல்லாத் தயாரிப்புக்கும் செலவிடும் நேரத்தை இதற்கு மட்டும் கொடுத்தாலும் தகும்.

புதியவர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘டெங்கிப் பரவலைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து ஒரு சுவரொட்டி தயாரிக்கவும்.’ இதில் சிக்கல் எதுவும் இல்லை. நோய் எது, விடை எந்த வடிவில் வர வேண்டும், யாருக்காக என்பதையெல்லாம் ஆசிரியரே முடிவு செய்துவிட்டார். மாணவருக்கு மிஞ்சியது அலங்கார வேலை.

நான் பயன்படுத்தும் பத்தி இது:

‘உங்கள் புளோக்கில் மின்தூக்கிக்கு அருகே தொங்கிய மஞ்சள் பதாகை இந்த வாரம் சிவப்பாக மாறியிருக்கிறது. ஆறாம் மாடியில் வசிக்கும் ஒரு பாட்டி, தாழ்வாரத்தில் துளசியும் கறிவேப்பிலையுமாகப் பதினான்கு தொட்டிகள் வைத்திருக்கிறார். தட்டுகளில் தண்ணீர் நிற்கிறது என்று அக்கம்பக்கத்தார் இருமுறை சொல்லியும், “என் செடியால் யாருக்கும் காய்ச்சல் வந்ததில்லை” என்கிறார். குடியிருப்பாளர் குழு உங்களிடம் உதவி கேட்கிறது. இரண்டு வாரமும் 50 வெள்ளியும் இருக்கின்றன.’

இதில் கவனிக்க வேண்டியவை சில. டெங்கி என்ற சொல்லே இல்லை. பதாகையின் நிறத்தை வைத்து மாணவர்கள்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட இடத்துக்கே சிவப்பு, அதற்குக் குறைவென்றால் மஞ்சள் என்பதைத் தேடிக் கண்டுபிடித்தால்தான் மஞ்சள் சிவப்பானதன் பொருள் புரியும். பணத்துக்கும் நாளுக்கும் வரம்பு உண்டு. வரம்பு இல்லாவிட்டால் ‘எல்லா வீட்டுக்கும் ரோபோ’ என்ற அளவில் யோசனைகள் மிதக்கும். விடையின் வடிவம் எங்கும் சொல்லப்படவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாட்டியின் தட்டில் கொசுப்புழு இருந்ததாக எந்த வரியும் சொல்லவில்லை. படிப்பவர் தாமாகவே அப்படி எடுத்துக்கொள்கிறார். இந்தப் பொறியை வேண்டுமென்றே வைக்கிறேன். சிக்கலையே திருப்பிப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. ஆக்கச் சிந்தனை என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வதில் பாதி இந்தப் பழக்கம்தான்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. பத்தியை அப்படியே கூகலில் தட்டினால் முதல் பக்கத்திலேயே விடை வந்துவிடுகிறதா? வந்தால் அது சிக்கல் ஆகாது, கேள்விதான். மாற்றி எழுதுங்கள்.

3. ஐவர் கொண்ட குழு

மூவர் என்றால் ஒருவர் வராத நாளில் குழு படுத்துவிடும். ஏழு பேர் என்றால் இருவர் திரைக்குப் பின்னால் வேறு வேலை பார்ப்பார்கள். ஐந்து பேர் சரி.

பல பள்ளிகளில் ஒரு நிலையில் தமிழ் படிப்பவர் எண்ணிக்கை குறைவு. இணையத்தில் நடத்துவதன் பெரிய வசதி, உட்லண்ட்ஸ் மாணவரையும் தெம்பனிஸ் மாணவரையும் ஒரே குழுவில் போட முடியும் என்பதுதான். வெவ்வேறு பேட்டைக்காரர்களைக் கலந்து போடுங்கள். ஒருவரின் புளோக்கில் இருப்பது மற்றவரின் புளோக்கில் இருக்காது. உரையாடலுக்குத் தீனி அங்கிருந்தே கிடைக்கும். நெருங்கிய நண்பர்களை மட்டும் பிரித்துவிடுங்கள், அவர்கள் குழுவுக்குள் இன்னொரு குழு நடத்துவார்கள்.

தலைவர், எழுத்தர், நேரம் பார்ப்பவர் என மூன்று பொறுப்புகளைச் சந்திப்புதோறும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நன்றாகத் தமிழ் எழுதும் ஒரு மாணவியே மூன்று வாரமும் எழுத்தராக இருப்பார். அவருக்கு யோசிக்க நேரமே கிடைக்காது.

4. முதல் சந்திப்பு: படிக்க எதையும் கொடுக்காதீர்கள்

பத்தியை ஒரு மாணவர் உரக்கப் படிக்கட்டும். பிறகு விரிதாளில் நான்கு நெடுவரிசைகளைத் திறந்து வையுங்கள்: உண்மைகள், யோசனைகள், தெரிந்துகொள்ள வேண்டியவை, செயல்திட்டம். இடமிருந்து வலமாக நிரப்பச் சொல்லுங்கள். யோசனை நெடுவரிசையை இப்போதைக்கு ஒரு குப்பைத்தொட்டியாக நினைத்துக்கொள்ளலாம். மனத்தில் முந்திக்கொண்டு வருவதை அதில் போட்டுவிட்டால்தான் மாணவர்களுக்கு உண்மைகளின் மேல் கவனம் திரும்பும்.

இந்த நேரத்தில் இணைப்புப் பட்டியலைக் கொடுப்பதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. ஆசிரியர் தேர்ந்தெடுத்த ஐந்து கட்டுரைகள் கைக்கு வந்த நொடியில், தேட வேண்டியது எது என்ற கேள்வி மாணவரிடமிருந்து பறிபோகிறது. ‘தெரிந்துகொள்ள வேண்டியவை’ நெடுவரிசை வெறுமையாகக் கிடந்தாலும் பரவாயில்லை, காத்திருங்கள்.

உண்மைகள் நெடுவரிசையில் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது வரியாக இது வரும்: ‘பாட்டியின் தொட்டியில் கொசு வளர்கிறது.’ அதை அழிக்காதீர்கள், தவறு என்றும் சொல்லாதீர்கள். விரிதாளில் அந்தக் கட்டத்தின் ஓரம் ஒரு கருத்துரை இடுங்கள்: ‘இது எந்த வரியில் இருக்கிறது?’ குழு மீண்டும் பத்திக்குப் போகும். கொஞ்ச நேரம் ஒலிவாங்கிகள் எல்லாம் அமைதியாக இருக்கும். பிறகு யாராவது ஒருவர், ‘ஆசிரியர், அப்படி எங்குமே போடவில்லை’ என்பார். அந்த வரி வெட்டி எடுக்கப்பட்டு மூன்றாம் நெடுவரிசையில் கேள்வியாக ஒட்டப்படும்: ‘கொசு எங்கே வளர்கிறது?’ முதல் சந்திப்பில் இந்த ஒரு நகர்வு நடந்தாலே போதும்.

வாயால் சொல்லாமல் ஏன் கருத்துரையாக எழுத வேண்டும்? ஆசிரியரின் குரல் கேட்டதும் உரையாடல் ஆசிரியரை நோக்கித் திரும்பிவிடும். எழுத்தில் வந்த கேள்வியை அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்கிறார்கள். நேர்முக வகுப்பில் இதைச் செய்வது கடினம். இணையம் நமக்குக் கொடுத்த சலுகை இது.

மொழி பற்றி ஒரு வார்த்தை. இந்த நெடுவரிசைகளில் ஆங்கிலம் கலந்து எழுதினால் விட்டுவிடுங்கள். வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளையைத் தூய தமிழில்தான் ஊகம் சொல்ல வேண்டும் என்றால், தெரிந்த சொல்லுக்குள் அடங்கும் ஊகத்தை மட்டுமே சொல்லும். இறுதிப் படைப்பு பாட்டிக்குப் போய்ச் சேர வேண்டியது. அங்கே நல்ல தமிழ் தானாகவே தேவையாகிவிடும்.

5. தேடும் வாரம்

ஒவ்வொரு மாணவரும் மூன்றாம் நெடுவரிசையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். உயர்நிலைப் பள்ளிகளில் மாதத்துக்குச் சுமார் இரண்டு முறை வரும் வீட்டிலிருந்து கற்கும் நாள் இதற்குத் தோதானது.

கண்டுபிடித்ததை மூன்று வரியில் எழுத வேண்டும்: என்ன தெரிந்தது, எங்கிருந்து, நம் சிக்கலில் இதனால் என்ன மாறுகிறது. மூன்றாவது வரி இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் ஒட்டிக் கொண்டுவந்த பத்திகள்தான் குவியும்.

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பக்கங்கள் முதல் ஆதாரம். தமிழில் வாசிக்கத் தமிழ் முரசும் சேதி இணையத்தளமும் உண்டு. மாணவர்கள் வழக்கமாகக் கொண்டுவருபவை: முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஏழு நாள் ஆகும், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், துணி காயவைக்கும் மூங்கில் கம்பு செருகும் குழாய்களிலும் தண்ணீர் தேங்கும், 2020-இல் மட்டும் 35,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரியைப் பயன்படுத்தி 2016-இல் தொடங்கிய திட்டத்தில் ஆண் கொசுக்களை வேண்டுமென்றே வெளியில் விடுகிறார்கள்.

கடைசித் தகவல் குழுவைக் குழப்பும். நல்லது, குழப்பட்டும். ஆண் கொசு கடிக்காது, வோல்பாக்கியா கொண்ட ஆண் கொசுவோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது ‘எதிரியையே கருவியாக்கலாம்’ என்ற திறப்பும் கூட வருகிறது.

களத்துக்குப் போவதென்றால் ஒரே ஒரு கட்டுப்பாடு: அண்டைவீட்டார் வாசலையோ முகத்தையோ படமெடுக்கக் கூடாது. தங்கள் வீடு, பொதுத் தாழ்வாரம், கீழ்த்தளம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

6. இரண்டாம் சந்திப்பு: சிக்கலை மறுபடி எழுதுதல்

இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், நேரமில்லை என்று. தேடியதைப் பகிர்ந்த கையோடு யோசனைக்குப் போனால் பழைய சிக்கலுக்கே விடை தேடுவார்கள்.

ஒவ்வொரு குழுவும் ‘எப்படி’ என்று தொடங்கும் ஒரே வரியில் சிக்கலை மறுபடி எழுதட்டும். ‘எப்படிப் பாட்டியைத் தட்டுகளை அகற்றவைப்பது?’ என்று எழுதும் குழுவும் உண்டு. ‘எப்படி ஆறாம் மாடியில் ஏழு நாளுக்கு மேல் எங்கும் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்வது?’ என்று எழுதும் குழுவும் உண்டு. இரண்டாவது வரியில் பாட்டி குற்றவாளியாக இல்லை, கம்புக் குழாய்களும் உள்ளே வந்துவிட்டன. முதல் வகைக் குழுவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘பாட்டி எல்லாத் தட்டையும் தூக்கி எறிந்துவிட்டார், பதாகை இன்னும் சிவப்பு. இப்போது?’

7. மூன்றாம் சந்திப்பு: பேச வேண்டாம், எழுதட்டும்

யோசனை சொல்லும் நேரத்தை வாய்ப்பேச்சாக நடத்தாதீர்கள். ஒருவர் பேசும்போது மற்ற நால்வர் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும்போது தங்கள் யோசனையை மறக்கிறார்கள் அல்லது கேட்டதை ஒட்டியே யோசிக்கிறார்கள். ஒன்றாகக் கூடிப் பேசும் குழுவைவிட, அதே எண்ணிக்கையினர் தனித்தனியே எழுதினால் கூடுதல் யோசனைகள் கிடைக்கின்றன என்று 1980-களிலேயே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஸூமில் ஒரே நேரத்தில் இருவர் பேசினால் தெளிவாகக் கேட்காது என்பதால் அங்கே இது இன்னும் மோசம்.

விரிதாளில் ஒவ்வொருவருக்கும் தனித் தாள் திறங்கள். பத்து நிமிடம், ஒலிவாங்கி அணைத்து, குறைந்தது எட்டு யோசனை. முதல் நான்கு எல்லாத் தாளிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்: சுவரொட்டி, வாட்ஸ்அப் செய்தி, அபராதம், வீடுவீடாகப் போய்ச் சொல்வது. அதனால்தான் எட்டு கேட்கிறேன். பொது நினைவில் இருப்பது தீர்ந்தபிறகு வருவதுதான் அந்த மாணவருடையது.

அடுத்து, எல்லோரும் வலப்பக்கத் தாளுக்கு நகர வேண்டும். அங்கே இருப்பதைப் படித்து, ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை சேர்க்க வேண்டும். ஆறு பேர், மூன்று யோசனை, ஐந்து நிமிடம் என்று நிறுவனங்களில் நடத்தும் முறையின் சிறு வடிவம் இது. ஐவருக்கு மூன்று சுற்று நடத்தினால், முதல் பத்து நிமிடத்தில் எழுதியவை போக இன்னும் 45 யோசனைகள் கிடைக்கும். நான்காம் சுற்றில் களைப்பு தெரியும், மூன்றோடு நிறுத்துங்கள்.

சுற்றுக்கு ஒரு தூண்டுகோல் கொடுங்கள். முதலில், ‘முன்னவர் எழுதியதில் ஒன்றை வளருங்கள்’. அடுத்து, ‘ஒரு காசுகூடச் செலவில்லாமல்’. மூன்றாவதாக, ‘இதில் பாட்டிக்கு என்ன நன்மை?’

ஒரு குழுவில் இப்படி நடந்தது. ஒரு தாளில் ‘வாரம் ஒருமுறை தட்டைக் கொட்டுதல்’ என்று இருந்தது. அடுத்து வந்தவர், ‘வெள்ளிக்கிழமை, பாட்டி எப்படியும் வீடு கழுவுவார்’ என்று சேர்த்தார். அதற்கடுத்தவர் ஏழு நாள் கணக்கை நினைவில் வைத்திருந்தார்: ஒரு வெள்ளி தவறினால் பதினான்கு நாள் ஆகிவிடுமே? அவர் எழுதியது: ‘செவ்வாய், வெள்ளி. இரண்டுமே விளக்கேற்றும் நாள். ஒன்று தவறினாலும் ஏழு நாளுக்கு மேல் போகாது.’ கடைசியாக ஒருவர், முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும் என்றார். துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் கையோடு தேய்த்துவிடுவது என்று முடிவானது. கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியும் வீட்டு வழக்கமும் ஒரே கட்டத்தில் சந்தித்தன. தேடும் வாரத்தை யோசனைக்கு முன்னால் வைப்பதும் தாளைக் கைமாற்றுவதும் இதற்காகத்தான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை எப்போது அனுமதிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று சுற்றும் முடிந்தபிறகு. சாட்ஜிபிடியிடம் கேட்டு வரும் பட்டியலைத் தங்கள் தாள்களில் உள்ளவற்றுடன் ஒப்பிட்டு, அதில் இல்லாத எதைத் தாங்கள் கண்டுபிடித்தோம் என்று குறிக்கச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே திறந்துவிட்டால், சரளமாக எழுதப்பட்ட அந்தப் பட்டியலைத் தாண்டி யாரும் நகர மாட்டார்கள். தடை போடுவதும் வீண். வீட்டில் நமக்குத் தெரியாமல் திறப்பார்கள்.

8. ஒன்றைத் தேர்ந்து, உண்மையான ஒருவரிடம் சோதித்தல்

வாக்கெடுப்பு நடத்தினால் பாதுகாப்பான யோசனை வெல்லும். இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று, குழுவுக்கே கொஞ்சம் பயம் தரும் ஒன்று. வரம்புகளை வைத்து இரண்டையும் அலசியபிறகு ஒன்றை விடட்டும்.

பிறகு பாட்டி, தாத்தா அல்லது அறிமுகமான மூத்தவர் ஒருவரிடம் காணொளி அழைப்பில் சோதனை. விளக்கம் சொல்லக் கூடாது. செய்த அட்டையையோ குரல்பதிவையோ கொடுத்துவிட்டு, ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று மட்டும் கேட்க வேண்டும். மூத்தவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் எந்தப் பாட்டியும் பேரப்பிள்ளையிடம் இல்லை என்று சொல்லமாட்டார்.

சோதனையில் யோசனை படுத்துவிட்டால் குழு சோர்ந்துபோகும். படைப்பைத் திருத்துவதற்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்படி அட்டவணை போட்டிருந்தால் அது தாங்கக்கூடியது.

9. நான்காம் சந்திப்பு

குழுவுக்கு ஆறு நிமிடம். முதல் நிமிடத்தில் மறுபடி எழுதிய சிக்கல், கடைசி இரண்டு நிமிடத்தில் சோதனையில் என்ன மாறியது. நடுவில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். குடியிருப்பாளர் குழுவில் உள்ள ஒருவரைப் பார்வையாளராக அழைக்க முடிந்தால் நல்லது. அவர் கேட்கும் கேள்வியை நாம் கேட்கமாட்டோம்.

10. மதிப்பெண்

இறுதிப் படைப்பின் அழகுக்கு மதிப்பெண் போட்டால், அடுத்த முறை எல்லோரும் அலங்காரத்தில்தான் நேரம் செலவிடுவார்கள். ஆக்கச் சிந்தனைக்கு டாரன்ஸ் சோதனைகள் பயன்படுத்தும் நான்கு அளவைகளை எளிமையாக்கி எடுத்துக்கொள்ளலாம்: எத்தனை யோசனை, எத்தனை வகை, எவ்வளவு அரிது, எவ்வளவு விரிவு. எல்லாமே ஏழாம் படியின் தாள்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதானதா என்று கணிக்க எல்லாக் குழுக்களின் தாள்களையும் அருகருகே வையுங்கள். ஒரே குழுவில் மட்டும் வந்திருந்தால் அரிது. ஊகிக்க வேண்டியதில்லை.

வகைக்கு எண்ணிக்கையைவிடக் கூடுதல் எடை கொடுங்கள். பத்து விதமான சுவரொட்டி எழுதியவர் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார். ஆறு யோசனையில் பணம், பழக்கம், கட்டட அமைப்பு, கொசுவின் உடலியல் என்று தாவியவர் நகர்ந்திருக்கிறார். பொருத்தம் என்ற ஐந்தாவது அளவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 50 வெள்ளிக்குள் அடங்காத அரிய யோசனை இந்தச் சிக்கலுக்கு உதவாது.

தனிநபர் மதிப்பெண்ணுக்கு முதல் பத்து நிமிடத் தாளும், ‘என் எண்ணம் எங்கே மாறியது?’ என்ற கேள்விக்கு 150 சொல்லில் தமிழில் எழுதும் குறிப்பும் போதும். யார் எவ்வளவு உழைத்தார் என்ற சண்டை வந்தால் விரிதாளின் திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்கள். அதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டால் சண்டையே வராது.

11. அடுத்த தொகுதிக்கு

அதே பத்தியை அடுத்த ஆண்டு அப்படியே கொடுக்காதீர்கள். செவ்வாய், வெள்ளி விடை அக்காவிடமிருந்து தம்பிக்கு வந்து சேர்ந்திருக்கும். பாட்டியையும் தொட்டிகளையும் எடுத்துவிட்டு, ஒரு மாதம் ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீட்டையும் பின்னறையில் மூடாமல் விட்ட வாளிகளையும் வையுங்கள். பதாகையின் நிறமும் 50 வெள்ளியும் அப்படியே இருக்கலாம்; நான்கு நெடுவரிசை விரிதாளையும் நகல் எடுத்துக்கொள்ளலாம். இணைப்புகளை மட்டும் மறுபடி ஒரு மாணவரின் சாதனத்தில் திறந்து பாருங்கள்.